கட்டிலில் இரண்டு சம்பந்திகள், வெளியே மின்னல்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, உள்ளே இருந்த கேமரா முக்காலியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மலையாளத்தில் ஏதோ கேட்டார். அதில் 'கல்யாணம்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவரா என்று கேட்கிறார்போல என நினைத்துத் தலையாட்டினேன். பாதி உண்மைதான். நான் வந்தது கல்யாணப் பேச்சுக்கு. முக்காலியைச் சுமந்து வந்தது மின்னலுக்கு.

மலேசியாவில் கிள்ளான் என் ஊர். மகள் எஸ்தர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜெபின் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் கன்னியாகுமரி மாவட்டம், குழித்துறை. எங்களைப்போலவே தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். அப்பா பலகாலம் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் மறுப்பதற்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்காமல் அவர்களே எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். பெரியவர்கள் தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் கிள்ளானிலா, குழித்துறையிலா?

"எங்க பக்கம்தான்" என்று தொலைபேசியில் அவர்களும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். கடைசியில் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நான் புறப்பட்டேன். கிளம்பும்போது என் மனைவி மேரி வாசலில் வைத்துச் சொன்னது ஒரே வாக்கியம். "அந்த ஆள் ரெண்டு நல்ல வார்த்தை சொன்னதும் உருகிப்போய் விட்டுக்கொடுத்துட்டு வந்துடாதீங்க."

நான் உருகுகிற ஆள் இல்லை. எங்கள் சபையில் முப்பது வருடமாக எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் வாசலில் நின்று வரவேற்கிறவன் நான். எல்லார் வீட்டுச் சோற்றையும் சாப்பிட்டிருக்கிறேன். என் ஒரே மகளின் கல்யாணத்துக்கு அவர்களையெல்லாம் என் ஊரில் உட்கார வைத்துப் பரிமாறாவிட்டால் என்ன மரியாதை?

மின்னலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் மின் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிள்ளானில் மாலையானால் இடி வரும். வராத நாளில்தான் என்ன ஆயிற்று என்று கேட்போம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மின்னலைப் படம் எடுக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. யாரும் கற்றுத்தரவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியில் என் படம் இரண்டு வாரம் தொங்கியது. அதை நான் சொல்லாமலேயே என்னைச் சந்திக்கிறவர்கள் தெரிந்துகொள்வார்கள், ஏனென்றால் நானே சொல்லிவிடுவேன்.

ஐப்பசியில் குமரி மாவட்டத்து மலைப்பக்கம் பிற்பகல்தோறும் இடி மின்னல் என்று படித்திருந்தேன். கிள்ளான் இடியோடு இவர்கள் இடி போட்டி போடுமா என்று பார்த்துவிடுவது என்ற எண்ணமும் பெட்டியில் இருந்தது.

விமான நிலையத்துக்குச் சம்பந்தியே வந்திருந்தார். பெயர் கிறிஸ்துதாஸ். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நறுக்கிய மீசை. கைகுலுக்குவதா கும்பிடுவதா என்று இருவரும் குழம்பி, இரண்டையும் பாதிப் பாதி செய்தோம். களியக்காவிளை தாண்டும்வரை சாலையைப் பற்றியே பேசினார். நானும் எங்கள் ஊர் நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசினேன். கல்யாணத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

வீடு ஒரு சரிவின் மேலே. முன்புறம் ரப்பர் மரங்கள் இறங்கிப் போய், எதிர்மேட்டில் ஏறும் இடத்தில் ஒரு தேவாலயம். அதை இவர்கள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். உயரமான வெள்ளைக் கோபுரம், உச்சியில் சிலுவை. முன்வராந்தாவுக்கு இங்கே 'சிட்அவுட்' என்று பெயர். அங்கே நின்று பார்த்தால் கோபுரமும் அதன் பின்னால் மலையும் நேருக்கு நேர் தெரிந்தன. முக்காலியை எங்கே வைப்பது என்று என் கால்கள் அப்போதே முடிவு செய்துவிட்டன.

சம்பந்தியம்மா பெயர் லில்லிபாய். பெரிய தட்டில் ஆவி பறக்க மரவள்ளிக்கிழங்கை வைத்து, பக்கத்தில் சிவப்பு மீன்குழம்பை ஊற்றினார். இங்கே அதை மரச்சீனி என்கிறார்கள். வந்த சம்பந்திக்கு முதல் உபசாரம் கிழங்கா என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில் உயிர் வைத்திருக்கத் தின்றது அதைத்தான். என் அப்பா கடைசிவரை அந்தக் கிழங்கை வீட்டுக்குள் விடவில்லை. மரியாதைக்கு ஒரு வாய் வைத்தேன். பிறகு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். குடம்புளி போட்ட அந்தக் குழம்போடு அதைத் தின்றிருந்தால் அப்பா மன்னித்திருப்பார்.

"ஜெபினுக்கு இது உயிராக்கும்" என்றார் லில்லிபாய். "தம்பி அஜினும் அப்பிடித்தான். சித்தப்பா பிள்ளைய ஷிஜினும் பிரஜினும் வந்தா ஒரு சட்டி மிச்சம் காணாது."

இந்த ஊரில் ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே அச்சில் பெயர் வார்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு என் பேரனும் ஏதாவது ஒரு 'ஜின்' ஆகப்போகிறான்.

சாப்பிட்டதும் கேமரா பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். பயணத்தில் அது முழுக்கத் தீர்ந்திருந்தது. மாற்று பேட்டரியை கிள்ளானில் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு வந்த புத்திசாலி நான்.

கண் விழித்தபோது அறை இருண்டிருந்தது. மலைப்பக்கம் உறுமல். துள்ளி எழுந்து சார்ஜரைப் பார்த்தேன். ஒயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, அழகாகச் சுற்றி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியில் ஒரு துளி ஏறவில்லை.

"நான்தான் ஊரிப்போட்டேன், சம்மந்தி" என்றார் லில்லிபாய், நல்ல காரியம் செய்த முகத்தோடு. "மலையில முழங்குனது கேட்டுது. நீங்க உறங்குனிய. டிவி, ஃபிரிட்ஜு, மிக்சி எல்லாத்தையும் ஊரியாச்சு. மெயின் சுவிச்சும் களஞ்சாச்சு. போனையும் அணச்சிருங்க."

நான் படுத்த சிறிது நேரத்திலேயே பிடுங்கிவிட்டார் என்று புரிந்தது. அடுத்து அவர் செய்தது இன்னும் விசேஷம். அடுக்களையிலிருந்து வெட்டுகத்தியை எடுத்துவந்து முற்றத்தில் எறிந்தார். வெளியே இரும்பு கிடந்தால் இடி அதில் இறங்கிப் போய்விடுமாம், வீட்டுக்கு வராதாம். முப்பது வருடம் மின்சாரத்தோடு குடும்பம் நடத்தியவனுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு முட்டியது. சம்பந்தி வீடு என்பதால் இருமலாக்கிக்கொண்டேன்.

முன்னறையில் பெரிய கட்டில். அதில் கிறிஸ்துதாஸ் இரண்டு கால்களையும் தூக்கி மடித்து உட்கார்ந்திருந்தார்.

"மின்னும்போ தரையில காலு குத்தப்பிடாது. ஏறி இருங்க, சம்மந்தி."

ஏறி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? கதவு வழியாக வெளியே பார்த்தேன். அப்போதுதான் ஒன்று என் கவனத்தில் பட்டது. சரிவில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. எதிர்மேட்டில், ஆற்றங்கரைப் பக்கம், சாலையில், எங்கும் இல்லை. முதல் இடி கேட்டதும் ஒரு ஊரே மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தது. கிள்ளானில் துறைமுக விளக்குகள் வானத்தையே மஞ்சளாக்கி வைத்திருக்கும். அதோடு சண்டை போட்டுத்தான் என் எல்லாப் படங்களும். இங்கே எனக்காகத் திரையை இழுத்துவிட்டதுபோல இருட்டு. அதில் மலையின் மேல் மின்னல் வெள்ளை வெள்ளையாக இறங்குகிறது. என் கேமராவில் உயிர் இல்லை.

மறுநாள் கோபத்தில் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டேன். கடல்மேல் மின்னல் விழுந்தால் அதற்கு இணை உண்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையிலேயே பேட்டரியை என் கண்ணெதிரே நிரப்பிக்கொண்டேன். கார் தருகிறேன் என்றார் சம்பந்தி. கடன்பட வேண்டாமென்று பேருந்தில் ஏறினேன். நாகர்கோவிலில் மாறி, இடித்துப் பிடித்து, நண்பகல் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன்.

கடலைப் பார்த்த ஒரு விடுதியில் மேல்மாடி அறை கேட்டேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் சாவியைத் தேடிக்கொண்டே, "சூரியன் உதிக்கது ஆறு மணிக்குப் பக்கம் இருக்கும், மணி அடிச்சு எழுப்பிவிடுவோம்" என்றார்.

"சூரியன் வேண்டாம். மின்னல் எப்போ வரும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் சூரியனத்தான் கேப்பாவ. இடி கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். அது நம்ம கையில இல்லியே அண்ணாச்சி."

கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் முக்காலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மின்னல் படம் எடுப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மின்னலைக் கண்டபிறகு பொத்தானை அழுத்துகிறவனுக்குக் கிடைப்பது வெறும் மேகம். ஷட்டரைச் சில வினாடிகள் திறந்தே வைக்க வேண்டும். மூடியதும் மறுபடி திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் மின்னல் வந்தால் நம்முடையது, வராவிட்டால் அடுத்தது. வெட்டவெளியிலும் மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் நிற்பது எனக்கு ஆகாது. மின்சாரத்தின் குணம் தெரிந்தவன் நான்.

கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது. மூன்று நிறக் கடல் என்று வடநாட்டுக் குடும்பங்கள் விரல் நீட்டிக்கொண்டிருந்தன. பொரித்த மீனும் அன்னாசித் துண்டும் வாங்கித் தின்று காத்திருந்தேன். நான்கு மணிக்குமேல் வடமேற்கே மேகம் கட்டியது. கறுத்தது. அடுக்கடுக்காக எழுந்தது. மின்னவும் தொடங்கியது. ஆனால் எல்லாம் அங்கேயே. சன்னலின் ஓரத்தில் விரல்நகம் அளவுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

மேசைக்காரர் தேநீர் கொண்டுவந்தார். "அது எந்தப் பக்கம்?" என்றேன்.

"அது குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம்லா. இப்பம் அங்கதான் நிதமும் நல்ல இடி."

நான் கோபித்துக்கொண்டு விட்டுவந்த வீட்டுக்கு மேலேயே அத்தனையும் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கும் எண்ணத்தை விட்டேன். திரும்பும் பேருந்தில் நாகர்கோவில் தாண்டியதும் மழை பிடித்தது. கூரையில் என் இருக்கைக்கு நேர்மேலே ஒழுகியது. கேமராப் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் பேருந்துக்குள்ளேயே குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"எந்த ஊரு?"

"மலேசியா."

"அங்க பஸ்ஸு ஒழுகாதா?"

"ஒழுகாது" என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"பின்ன மழை பெய்யது எப்பிடி அறிவிய?" என்றார். குழித்துறை வரும்வரை குடையை அவர்தான் பிடித்துவந்தார்.

மூன்றாம் நாள் விடியுமுன்னே கிறிஸ்துதாஸ் என்னை எழுப்பினார். தோவாளைக்குப் போகலாம் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, பூ பாக்கியதுக்கு" என்றார். சும்மா பூப் பார்க்க இவ்வளவு தூரம் யாரும் காரை எடுக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இது அவருடைய கண்காட்சி.

தோவாளைப் பூச்சந்தை உண்மையாகவே கண்காட்சிதான். பிச்சியும் அரளியும் கேந்தியும் மூட்டை மூட்டையாகத் தரையில் கொட்டிக் கிடந்தன. ஏலக் குரல்களுக்கு நடுவே மிதிக்காமல் நடக்கவே இடமில்லை. ஒரு கடையில் தட்டையாக, பாய் பின்னியதுபோல ஒரு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாணிக்க மாலையாம், இந்த ஊருக்கே உரியது. கிறிஸ்துதாஸ் அதை இரண்டு கையிலும் ஏந்தி என் முன்னால் நீட்டினார்.

"இது கிள்ளான்ல கிட்டுமா, சம்மந்தி?"

"எங்களுக்கு ஆர்க்கிட் இருக்கிறது" என்று கைப்பேசியை எடுத்து எங்கள் சபை மண்டபத்தைக் காட்டினேன். குளிர்சாதனம், மேடை, சரவிளக்கு. அவர் பொறுமையாக எல்லாப் படத்தையும் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார். "இதுக்கு மணி உண்டா?"

"மணியா?"

"கோயில் மணி. எங்களுக்கு உண்டு. அடிச்சா ஆத்துக்கு அந்தக்கரை வரை கேக்கும்."

மணி இல்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், ஒலிபெருக்கி இருக்கிறது என்றேன். அவர் மாலையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். திரும்பும் வழியில் ரசவடையும் காப்பியும் வாங்கித் தந்தார். அப்போதும் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாள் எனக்கு விமானம். பேசாமலேயே திரும்பிவிடுவேனோ என்று எனக்கே உள்ளுக்குள் பதைப்பு வந்துவிட்டது.

மாலை ஐந்தைத் தாண்டியதும் காற்று நின்றது. ரப்பர் இலை ஒன்றுகூட அசையவில்லை. இந்தத் தடவை நான் தயார். சிட்அவுட்டில் கூரைக்கு உள்ளே தள்ளி முக்காலியை நிறுத்தினேன். கேமராவைக் கோபுரத்துக்கும் மலைக்கும் சேர்த்துக் குறிவைத்தேன். மேகம் கவிந்து வெளிச்சம் குறைந்தது. லில்லிபாய் பிளக்குகளை ஊரத் தொடங்கினார், வெட்டுகத்தி முற்றத்துக்குப் பறந்தது, மெயின் அணைந்தது. சரிவு முழுதும் ஒவ்வொன்றாக இருண்டது. நான் கேமரா ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே கட்டிலில் ஏறிக் காலை மடித்தேன். கிறிஸ்துதாஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். லில்லிபாய் கட்டிலின் மறுகோடியில் ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

இரண்டு சம்பந்திகள், ஒரு கட்டில், இறங்கவும் முடியாது. பேச்சு தானாகத் தொடங்கியது.

"சம்மந்தி, நான் நேராத்தான் கேக்கியேன். கல்யாணம் இங்க வச்சா உங்களுக்கு என்ன குறைச்சல்?"

"அங்கே வைத்தால் உங்களுக்கு என்ன குறைச்சல்?"

மின்னல். இருவரும் வாயை மூடினோம். இடி வந்து ஓய்ந்தது. ரிமோட்டை அழுத்தினேன்.

"எனக்க தங்கச்சி, தம்பி கல்யாணமெல்லாம் அந்தக் கோயில்லதான் நடந்திருக்கு."

"என் சபையில் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் நான் நின்றிருக்கிறேன். என் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களைக் கடல் தாண்டி வா என்று சொல்லவா?"

"நாங்க மட்டும் கடல் தாண்டலாமோ?"

மறுபடி மின்னல். மறுபடி மௌனம். மறுபடி ரிமோட். லில்லிபாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவருக்கும்தான். இன்னும் இரண்டு மின்னல் தாண்டியிருந்தால் மகள் முகத்தில் விழிக்க முடியாத எதையாவது நான் சொல்லியிருப்பேன்.

அப்போது வீடே வெள்ளையானது. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே வந்தன. கட்டில் அதிர்ந்தது. எதிர்மேட்டில் கோபுரத்தின் உச்சியில் பிசிறு பிசிறாக ஏதோ எரிந்ததுபோல ஒரு கணம் தெரிந்தது.

"கோயில்லயாக்கும் விழுந்துச்சு" என்றார் கிறிஸ்துதாஸ். நான் திரும்புவதற்குள் கட்டிலில் அவர் இல்லை. மின்னும்போது தரையில் காலே வைக்காத மனிதர், வெறுங்காலோடு சிட்அவுட்டைத் தாண்டி, முற்றத்துக்கு இறங்கும் படியில் போய் நின்றார். லில்லிபாய் அலறினார். என் விரல் பழக்கத்தில் ரிமோட்டை அழுத்தியிருந்தது. அழுத்தியதே எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் அசையாமல் கோபுரத்தைப் பார்த்து நிற்க, இரண்டாவது மின்னல் அதே கோபுரத்தில் இறங்கியது.

நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா என் பொண்ணு கல்யாணம் என்ன ஆகும்?" என்று கத்தினேன். அவரை உள்ளே தள்ளினேன், கேமராவையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மூவரும் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். கிறிஸ்துதாஸ் "கோபுரம் நிக்கா?" என்று கேட்டார்.

"நிக்குது. உச்சியிலே இடிதாங்கி இருக்கிறதே, செம்புக் கம்பி. அது வாங்கிக் கீழே மண்ணுக்கு அனுப்பிவிட்டது. அதன் வேலையே அதுதான்" என்றேன். பிறகு கேமராத் திரையைத் திறந்தேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இத்தனை காலத்தில் நான் எடுத்த படங்களில் அதுபோல ஒன்று இல்லை. மேகத்திலிருந்து கிளைகள் இல்லாமல் ஒரே கோடாக மின்னல் கோபுரத்துக்கு இறங்குகிறது. கோபுரம், சிலுவை, சன்னல்கள் எல்லாம் பகல்போல. கீழே படியில், கறுப்பு உருவமாக, வேட்டியும் வெறுங்காலுமாக ஒரு மனிதன் அதைப் பார்த்து நிற்கிறான். எந்த விளக்கும் எங்கும் இல்லை. கிள்ளானில் ஆயிரம் இடி இடித்தாலும் இது கிடைத்திருக்காது. என் கிள்ளானைப் பற்றி நான் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

லில்லிபாய் மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டுவந்தார். கிறிஸ்துதாஸ் அந்தச் சின்னத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நானா?"

"நீங்கதான்."

"எனக்க கோயிலுக்க முன்ன நான் நிக்கிய முதல் படம் இதாக்கும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரைக் காட்டினார். லில்லிபாய் திரியை உயர்த்திப் பிடித்தார். சட்டமிட்ட படங்கள். எல்லாம் அதே கோயில் வாசலில் எடுத்தவை. ஒரு கல்யாணம், ஒரு குழந்தையின் ஞானஸ்நானம், வேறொரு குழந்தை, இன்னொரு கல்யாணம்.

"அது எனக்க தங்கச்சி கல்யாணம். நான் சவூதியில டூட்டி. கேசட் போட்டுப் பாத்தேன். இது ஜெபினுக்க ஞானஸ்நானம். போட்டோ தபால்ல வந்துது. அது அஜின். அது தம்பி கல்யாணம். லீவு கிட்டல்ல. அப்பாவுக்க அடக்கத்துக்கும் வந்து சேரல்ல. ஒண்ணுலயும் நான் இல்ல, சம்மந்தி. எனக்க கல்யாணம்கூட லீவு தீரப்போவுதுன்னு அவளுக்க ஊருலதான் நடந்துது." "அதான் இங்க வைக்கணும்னு கேக்கியேன். வேற கெர்வம் ஒண்ணும் இல்ல. ஒரு நாளாவது அந்த வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு விளிக்கணும். அவ்வளவுதான்."

நான் நின்ற வாசல்களை எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை, அத்தனை இருந்தன. இந்த மனிதருக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று நாளாக நான் போட்டி போட்டது யாரோடு என்று நினைத்தபோது அழுகை வந்தது. இருட்டில் அழுததால் வெட்கமாகவும் இல்லை.

"கல்யாணம் குழித்துறையில்தான்" என்றேன். சொன்னபோது எதையோ இழந்ததுபோல இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. என் மகள் போகிற வீடு இது என்று முதல் தடவையாக எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் எனக்க கூட நிக்கணும்."

எழுந்து கட்டிக்கொள்ளலாம் என்று இருவரும் காலைக் கீழே வைத்தோம். உடனே லில்லிபாய் அதட்டினார். "இடி இன்னும் தீரல்ல. ரெண்டு பேரும் காலைத் தூக்கி மேல வையுங்க."

தூக்கி மேலே வைத்தோம்.

மழை விட்டு, மெயின் போட்டு, கைப்பேசி உயிர்பெற்றதும் மேரியை அழைத்தேன். இடிக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"உருகிட்டீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன். சுவரில் இருந்த படங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, நான் எடுத்ததை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே அழைத்தாள்.

"இவ்வளவு பெரிய கோயிலுக்கு முன்னாடி எவ்வளவு சின்னதா நிக்கிறாரு, பாவம்" என்றாள். "அந்த வாசல்ல ரெண்டு ஆம்பளைங்க மட்டும் நின்னா போதுமா? நானும் அந்தம்மாவும் அடுத்த பக்கம் நிக்கிறோம்னு சொல்லுங்க. கிள்ளான்ல விருந்து தனியா வைப்போம். அதுக்கு அவங்க வந்தே ஆகணும், அதுல விட்டுக்கொடுத்துடாதீங்க."

மறுநாள் காலை பசியாறிவிட்டு விமான நிலையம் புறப்பட்டோம். கிறிஸ்துதாஸ் காரை ஆற்றுப்பக்கம் திருப்பாமல் கோயில் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கோபுரத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். ஒரு காரைகூடப் பெயரவில்லை. பிறகு வாசற்படியில் ஏறி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"சம்மந்தி, வெயில்ல ஒண்ணு எடுங்க."

முற்றத்தில் யாருமே இல்லை. அவர் இரண்டு கைகளையும் கூப்பி, வருகிற கூட்டத்தைப் பார்ப்பதுபோலக் கண்ணை விரித்து, "வாங்க, வாங்க" என்று சொல்லிப் பார்த்தார். குரல் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை சொன்னார். நான் முக்காலியை விரித்து, தானாகப் படம் எடுக்கும்படி கேமராவை முடுக்கிவிட்டு, ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று கையைக் கூப்பினேன்.

அந்தப் படத்தில் மின்னல் இல்லை. மேகம்கூட இல்லை. அவர் கண்ணை மூடியிருக்கிறார், எனக்கு ஓடிவந்த மூச்சில் வாய் திறந்திருக்கிறது. கிள்ளானில் வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.